சோறு ஒத்துக்கொள்ளாத பிள்ளை

திட உணவு தொடங்கிய ஒரு பிள்ளை, சாப்பிட்டவுடன் நன்றாக இருந்துவிட்டு, ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கழித்துத் திடீரென வாந்தியெடுக்கத் தொடங்கி, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் நிறுத்தாமல், முகம் வெளிறி, கை கால் துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்கவும் முடியாமல் கிடந்து, சேலைன் ஏறியதும் அரை நாளுக்குள் எதுவுமே நடக்காதது போல் எழுந்து விளையாடுமானால், அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகனுக்குத் திரும்பத் திரும்ப இப்படித்தான் நடந்தது. இது எஃப்பைஸ் என்ற, குடலில் வரும் ஓர் உணவு ஒவ்வாமை, அதற்குக் காரணம் சோறு என்று உறுதியாகத் தெரிய வந்தபோது அவனுக்கு ஒரு வயது நெருங்கிவிட்டது. பால், முட்டை, இறால் என்றால் யாரும் சந்தேகப்படுவார்கள். மூன்று வேளையும் சோறும் இடியப்பமும் பிட்டுமாக வாழும் திருகோணமலையில் அரிசியைச் சந்தேகிக்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நான் நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். கணவர் டோகாவில் இருக்கிறார். வீட்டில் நானும் மாமியும் பிள்ளையும் மட்டும்தான். ஆறு மாதம் முடியும்வரை அவன் தாய்ப்பால் மட்டுமே குடித்தான்; கிளினிக் அட்டையில் அவனுடைய நிறைக்கோடு பச்சைப் பட்டைக்குள் அழகாக ஏறிக்கொண்டு போனது. ஆறு மாதம் முடிந்ததும் கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்து சோறு தீத்தினோம். நாலைந்து பருக்கைதான் உள்ளே போயிருக்கும், ஒன்றும் ஆகவில்லை. பிறகு குடும்பநல உத்தியோகத்தர் சொல்லித் தந்தபடி, நன்றாகக் குழைய வேகவைத்த சோற்றைக் கரண்டியால் மசித்து, முதலில் கொஞ்சமாகவும் பின்னர் சற்றுக் கூட்டியும் கொடுத்து வந்தேன். அவர் சொன்ன முறையில் எந்தக் குறையும் இல்லை. இந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் நன்றாக வளர்கின்றன. முதல் சில தடவைகள் சிக்கலின்றிக் கழிந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உணவைச் சில நாள் சாப்பிட்ட பிறகும் இந்த நோய் வெளிப்படலாம். “முந்தநாளும் இதைத்தானே தின்றான்” என்ற ஒரே வாக்கியம் எங்கள் வீட்டில் சோற்றை மாதக்கணக்கில் காப்பாற்றியது.

முதன்முறை நடந்தபோது அவன் காலையில் சோறு சாப்பிட்டுவிட்டு நித்திரைக்குப் போயிருந்தான். எழும்பியவுடன் வாந்தி. சாப்பிட்டது வந்தது, பிறகு பால் வந்தது, பிறகு வெறும் நுரையும் நீரும் வந்தன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உடம்பை முறுக்கிக்கொண்டு எடுத்தான். அதன்பின் சத்தமே இல்லாமல் என் தோளில் சரிந்துவிட்டான். அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளையே பயங்கரம் என்பதை அன்று உணர்ந்தேன். ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினோம். மாரி காலம்; விடுதி முழுவதும் வாந்தியும் வயிற்றோட்டமுமாகப் பிள்ளைகள் படுத்திருந்தன. வயிற்றில் கிருமித் தொற்று என்று எழுதிச் சேலைன் ஏற்றினார்கள். மாலைக்குள் அவன் எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துச் சிரித்தான். ஒரேயொரு தடவை தண்ணீராக மலம் போனது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் அந்த விடுதியில் அப்படித் தீர்மானிப்பது இயல்பானதுதான். ஆனாலும் இன்று திரும்பிப் பார்க்கையில், பொருந்தாத சில விடயங்கள் அன்றே இருந்தன. அவனுக்குக் காய்ச்சல் இல்லை. வீட்டில் வேறு எவருக்கும் வயிற்றுக் குழப்பம் வரவில்லை. பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நாட்கணக்கில் நீடித்தது; இவனுக்கு எல்லாம் சில மணித்தியாலங்களில் முடிந்துவிட்டது. வயிற்றுக் கிருமி இப்படி வந்த வேகத்தில் போவதில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் அதற்குப் பெரிதாகப் பொருள் இல்லை, மூன்றும் சேர்ந்து இருந்து, அதே கதை இரண்டாவது தடவையும் நடந்தால், வைத்தியரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவை நடந்த விதம்தான் என்னால் இன்றும் ஆறமுடியாதது. வாந்தி எடுத்த பிள்ளைக்கு நம் வீடுகளில் என்ன கொடுப்போம்? ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல், அதோடு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். வயிற்றுக்கு இதமானது, இலேசாகச் செரிப்பது என்று மாமி கொதிக்க வைத்து வடித்துத் தந்தார். வீட்டுக்கு வந்த எல்லாரும் “கஞ்சி குடுங்கோ, கஞ்சி குடுங்கோ” என்றார்கள். நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை அறிய எவருக்கும் வழியில்லை. குடித்து இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி அதே வாந்தி, அதே வெளிறல். “கிருமி இன்னும் போகவில்லை” என்று எல்லாரும் சொன்னோம்.

அதன்பின் வீட்டில் வழக்கு விசாரணை தொடங்கியது. சோற்றோடு பருப்புச் சேர்த்த அன்று வாந்தி வந்ததால் பருப்பு குற்றவாளி ஆனது. நெத்தலித் தூள் போட்ட அன்று நெத்தலி. பூசணிக்காய் மசித்த அன்று பூசணி, கிணற்றுத் தண்ணீர், குளிப்பாட்டிய நேரம், நான் சாப்பிட்ட நண்டு. ஒவ்வொன்றையும் நிறுத்தினோம்; எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த சோற்றை மட்டும் நிறுத்தவில்லை. “இது மாந்தம் பிள்ளை, வசம்பைச் சுட்டு உரைச்சுக் குடுத்தா நிக்கும்” என்றார் மாமி. வசம்பே வாந்தியை உண்டாக்கக்கூடியது என்று பின்னர் வைத்தியர் சொன்னார். நாவூறு கழித்தோம், நூல் கட்டினோம், காளி கோயிலில் நேர்த்தி வைத்தோம். மாமியை நான் குறைசொல்லவில்லை. இரவிரவாக என்னோடு விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் “உன்ரை பாலில்தான் ஏதோ இருக்கு” என்று உறவினர் ஒருவர் சொன்ன அன்று, நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிள்ளைக்கு ஒரு கரண்டி உணவு தூக்கும்போது என் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கொடுத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். எதற்காகப் பார்க்கிறேன் என்பதை யாருக்கும் சொன்னதில்லை.

இங்கே ஒரு பயனுள்ள செய்தி. பிள்ளைக்குப் புதிய உணவுகளைக் கலந்து கொடுத்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிரித்தறிய முடியாது. சோறு, பருப்பு, கீரை, நெத்தலி எல்லாம் ஒரே கிண்ணத்தில் குழைப்பது நம் வழக்கம்; ஆரோக்கியமான பிள்ளைக்கு அது சிறந்த உணவு. ஒரு தடவையாவது இப்படியான வாந்தி வந்துவிட்டால், அதன்பிறகு ஒரு புதிய உணவைத் தனியாக, சிறிதளவில், காலையில் கொடுத்து, சில நாட்கள் அதையே தொடர்ந்த பிறகுதான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். திரிபோஷா போன்ற சத்துமாக்களில் சோளம், சோயா, பால்மா மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. சத்தான உணவுதான், ஆனால் காரணம் தேடிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரே பொதியில் சந்தேகத்துக்குரிய மூன்று பொருட்கள் இருப்பது விசாரணையைக் குழப்பிவிடும்.

மிகக் கடுமையாக வந்தது ஓர் இரவில். பின்னேரம் வீட்டுக்கு வந்த உறவினர்கள் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு முழுமையாகத் தீத்தியிருந்தார்கள். வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும்போது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது, உதடு சாம்பல் நிறமாக இருந்தது. இரத்த அழுத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிக அதிகம். இரத்தத்தில் கிருமி பரவியிருக்கலாம் என்று நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் ஆரம்பித்தார்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிப்படுத்த முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் தனியாக நின்று கையெழுத்திட்டேன். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கிறதா என்று வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் சுத்தமாக வந்தன. கிருமி வளர்ப்புப் பரிசோதனைகளில் எதுவும் வளரவில்லை. அந்த நேரத்தில் இவ்வளவையும் செய்யத்தான் வேண்டும் என்று இன்று புரிகிறது. குளிர்ந்து துவண்டு கிடக்கும் ஒரு பிள்ளையில் கிருமித் தாக்கத்தையும் குடல் அடைப்பையும் முதலில் விலக்காமல் எந்த வைத்தியரும் உணவைப் பற்றி யோசிக்க முடியாது. வெள்ளணுக்கள் ஏறுவது இந்த உணவு நோயிலும் நடக்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடியது. எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. எல்லா முடிவுகளும் சுத்தமாக வந்த பிறகு, “அப்படியென்றால் இது என்ன?” என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. கிருமித் தாக்கம், குணமடைந்தது என்று நோய்நிர்ணய அட்டையில் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு அட்டையும் தனித்தனியாக நியாயமாக இருந்தது. எல்லா அட்டைகளையும் ஒருசேர மேசையில் விரித்து யாரும் பார்க்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலையில் எங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. செலவெல்லாம் வெளியேதான். ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனைத் தொகுதி ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வந்தது. என் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. அரிசி உட்பட எல்லாவற்றுக்கும் எதிர்மறை. “பார்த்தீங்களா, சாப்பாட்டில் பிரச்சினை இல்லை” என்று எங்களைத் தவறான திசையில் இன்னும் உறுதியாகத் தள்ளிவிட்டது அந்தக் கடதாசி. பிறகு யாரோ சொல்லி விலையுயர்ந்த விசேட பால்மா வாங்கினோம். பசுப்பாலே குடிக்காத, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அது எதற்கு என்று விற்றவரும் கேட்கவில்லை. பேறுகால விடுமுறை முடிந்து சம்பளமில்லா விடுமுறையில் இருந்தேன். தனியாரில் வைத்தியரைச் சனல் பண்ணிக் கண்ட காசு, வான் வாடகை எல்லாம் சேர்த்து, கணவர் ஊருக்கு வர வைத்திருந்த விமானச் சீட்டுக் காசு கரைந்துபோனது. அவர் அந்த ஆண்டு வரவில்லை.

அந்த இரத்தப் பரிசோதனை ஏன் வீண் என்பதை விளக்குகிறேன், உங்கள் காசாவது மிஞ்சட்டும். நாம் சாதாரணமாக அறிந்த உணவு ஒவ்வாமையில், சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் தோல் தடித்துச் சிவக்கும், உதடு வீங்கும், மூச்சிழுக்கும். அதற்குக் காரணம் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி. இரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் தேடுவது அதையே. என் மகனுக்கு வந்த நோயில் ஐ.ஜி.ஈ பங்கெடுப்பதில்லை, குடலிலுள்ள வேறு எதிர்ப்புக் கலங்கள்தான் உணவுப் புரதத்துக்கு எதிராகக் கிளம்புகின்றன. ஆகவே பெரும்பாலான பிள்ளைகளில் அந்தப் பரிசோதனைகள் எதிர்மறையாகவே வரும். உணவுப் புரதத்தால் தூண்டப்படும் குடலழற்சி நோய்த்தொகுதி என்பது அதன் நீண்ட பெயர். வைத்தியர்கள் சுருக்கமாக எஃப்பைஸ் என்கிறார்கள். இந்த நோயை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. சாப்பிட்ட நேரத்துக்கும் வாந்தி தொடங்கிய நேரத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியும், அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதுமே அதன் அடையாளம்.

எங்களுக்கு அந்த இடைவெளி கிடைத்தது வாட்ஸ்அப்பில். பிள்ளை என்ன சாப்பிட்டான், எப்படிச் சாப்பிட்டான் என்று ஒவ்வொரு வேளையும் கணவருக்குப் படமோ குரல்பதிவோ அனுப்புவது என் வழக்கம். வாந்தி தொடங்கினால் முதலில் அவருக்குத்தான் அழைப்பு. முடிவுகள் எல்லாம் சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அங்கே நித்திரை கொள்ள முடியாமல் அவர் பழைய செய்திகளை எல்லாம் முதலிலிருந்து பார்த்து, ஒரு தாளில் இரண்டு நிரல்களாக எழுதினார். ஒன்றில் சோறு, கஞ்சி, இடியப்பம் கொடுத்த நேரம். மற்றதில் முதல் வாந்தி. அவருடைய தொலைபேசியில் எல்லா நேரமும் டோகா நேரமாக, நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தித்தான் காட்டும்; ஆனால் இடைவெளி மாறாதல்லவா. ஒவ்வொரு தடவையும் ஒன்றே முக்காலுக்கும் இரண்டேகாலுக்கும் இடையில். பருப்பு சில நாட்களில் இருந்தது, சில நாட்களில் இல்லை. நெத்தலி அப்படித்தான். அரிசி எல்லா வரியிலும் இருந்தது. அரிசி இல்லாத நாட்களில், வெறும் பூசணியும் பருப்பும் கொடுத்த நாட்களில், ஒன்றுமே நடக்கவில்லை. அவர் அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, “இது சோறோ?” என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. சோறு எப்படி?

அன்றிலிருந்து சோற்றை நிறுத்தினோம், வாந்தி வரவில்லை. அந்தத் தாளையும் அட்டைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஒரு குழந்தை நல வைத்திய நிபுணரைக் கண்டேன். அவர் பரிசோதனை முடிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தத் தாளைத்தான் முதலில் வாசித்தார். “தோலில் தடிப்பு, இருமல், மூச்சிழுப்பு எப்போதாவது வந்ததா அம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வெளிறினானா? துவண்டானா? சேலைன் தேவைப்பட்டதா?” எல்லாவற்றுக்கும் ஆம். சர்வதேச வல்லுநர்கள் 2017 இல் இந்த நோயைக் கண்டறிய வெளியிட்ட அளவுகோலை எனக்கு எழுதிக் காட்டினார். சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் வாந்தி வர வேண்டும், தோலிலோ மூச்சிலோ வழமையான ஒவ்வாமை அறிகுறி இருக்கக்கூடாது, இது கட்டாயம். அதோடு துணை அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதே உணவால் இரண்டாவது தடவையும் வாந்தி, வேறொரு உணவால் அதேபோன்ற வாந்தி, கடும் சோர்வு, தெளிவான வெளிறல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்தல், சேலைன் தேவைப்படுதல், 24 மணித்தியாலத்துக்குள் (வழக்கமாக ஐந்து முதல் பத்து மணித்தியாலத்தில்) வயிற்றோட்டம், இரத்த அழுத்தம் குறைதல், உடல் சில்லிடுதல் என்பவையே அந்தத் துணை அறிகுறிகள். என் மகனிடம் இவற்றில் பெரும்பாலானவை இருந்தன. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, உறுதிப்படுத்துவதற்காக மறுபடி சோறு கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்றார். பசுப்பாலும் சோயாவும்தான் உலகில் அதிகம் பேசப்படும் காரணிகள் என்றும், திட உணவுகளில் அரிசி முன்வரிசையில் இருப்பதாகவும், சில நாடுகளில் மீன் முதலிடம் பிடிப்பதாகவும் சொன்னார். அவருடைய அறையை விட்டு வெளியே வந்து, மருதானைப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, முதன்முறையாகப் பயமில்லாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். என் மேல் குற்றமில்லை என்பதைவிட, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பயத்தில் நானும் சோறு சாப்பிடுவதை விட்டிருந்தேன். தாய்ப்பாலில் மட்டும் இருக்கும்போது பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நிறையும் ஏறியது என்பதால், நான் சோற்றை விடத் தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். இதைக் கட்டாயம் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். தேவையில்லாமல் பட்டினி கிடந்து பால் வற்றிப் போகும் தாய்மார் இருக்கிறார்கள்.

அவரிடம் நான் கேட்டு வாங்கியவற்றுள் மிகப் பெறுமதியானது ஒரு பக்கக் கடிதம். நோயின் பெயர், காரணமான உணவு, வந்தால் எப்படி இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாந்தி கடுமையாகித் துவண்டால் தாமதிக்காமல் நாளத்தில் சேலைன், உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிலீட்டர் வீதம் விரைவாக. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு வாந்தியை நிறுத்த ஒன்டன்செட்ரோன் ஊசி. வழமையான ஒவ்வாமை கடுமையானால் போடும் அட்ரினலின் இந்த வாந்தியை நிறுத்தாது. கடிதத்தை கிளினிக் அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இரவுக் கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், துவண்ட பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லி விளங்கவைக்க முடியாது. அதன்பிறகு ஒருமுறை, ரஸ்க் பிஸ்கட் ஒன்றில் அரிசிமா இருந்ததால் மறுபடி வாந்தி வந்தபோது, கடிதத்தைக் காட்டிய உடனேயே ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. முள்ளந்தண்டில் ஊசி பற்றி யாரும் பேசவில்லை.

எல்லாக் குடல் ஒவ்வாமையும் இப்படி நாடகமாக வருவதில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் என் அலுவலகச் சகோதரி ஒருவரின் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் மலத்தில் சளியோடு இரத்தக் கீறல்கள் தெரிந்தன. குழந்தை சிரித்துக்கொண்டு, நன்றாகப் பால் குடித்துக்கொண்டு, நிறையும் கூடிக்கொண்டுதான் இருந்தது. இது இன்னொரு வகை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஏற்படும் அழற்சி. தாய் உண்ணும் பசுப்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போய் இதை உண்டாக்கலாம். குதத்தில் வெடிப்பு போன்ற வேறு காரணம் இல்லை என்று வைத்தியர் பார்த்து உறுதிப்படுத்திய பிறகு, அந்தச் சகோதரி பால்தேநீர், தயிர், பால்மா சேர்ந்த பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்தினார். கல்சியம் குளிசை எடுத்துக்கொண்டார். இரண்டு கிழமைக்குள் இரத்தம் நின்றுவிட்டது. அங்கே நிறுத்திவிடாமல், வைத்தியர் சொல்லி மறுபடி பால்தேநீர் குடித்துப் பார்த்தார்; இரத்தம் திரும்பி வந்தது. அப்போதுதான் முடிவு உறுதியானது. இந்த மறுபடி கொடுத்துப் பார்க்கும் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாக நின்ற இரத்தத்துக்குப் பாலைக் குற்றஞ்சாட்டி, ஒரு வருடம் வீணாகப் பத்தியம் காக்கிறார்கள். ஆனால் அவருடைய குழந்தைக்கு வீட்டில் செய்யக்கூடியதாக இருந்த இந்தப் படியை என் மகனைப் போன்ற பிள்ளைக்கு ஒருபோதும் வீட்டில் செய்யக்கூடாது. மூன்றாவதாக, வாரக்கணக்கில் வயிற்றோட்டம் நீடித்து நிறை ஏறாமல் போகும் ஒரு வகையும் உண்டு. அதற்குக் குடலின் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டியும் வரலாம்.

இதை வாசித்துவிட்டு எல்லா வாந்தியையும் உணவின் தலையில் போட்டுவிடாதீர்கள். வாந்தி பச்சை நிறமாக இருந்தாலோ, வயிறு ஊதிக் கல்லாக இருந்தாலோ, விட்டுவிட்டு வீரிட்டு அழுது மலம் சிவப்பு ஜெலி போலப் போனாலோ, காய்ச்சல் இருந்தாலோ, சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு இருக்காமல் ஓடுங்கள். அவற்றில் சில சத்திரசிகிச்சை தேவைப்படும் நிலைகள்.

கண்டறிந்த பிறகு சாப்பாடு கொடுப்பது தனிக் கலை. ஒரு தானியம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வேறு தானியமும் ஒத்துக்கொள்ளாமல் போகும் வாய்ப்பு கூடுதல். ஓட்ஸில் குறிப்பாகக் கவனம் வேண்டும் என்றார்கள். பூசணி, அவகாடோ, தர்ப்பூசணி போன்றவை ஆபத்துக் குறைந்தவை என்று தொடங்கி, பிறகு குரக்கன் (கேழ்வரகு) கூழைச் சில துளிகளில் ஆரம்பித்துக் கூட்டினோம். குரக்கன் ஒத்துக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம். குரக்கன் பிட்டு, கோதுமைமா ரொட்டி என்று ஒரு வழி திறந்தது. மீனும் ஒரு பெயர்பெற்ற காரணி என்பதால், மீன்வாடி பக்கத்திலேயே இருந்தும் பல மாதம் தள்ளிப்போட்டோம். புதிய உணவை நான் கிழமை நாளில் காலையில்தான் கொடுப்பேன். எட்டரைக்குக் கொடுத்தால் ஆபத்தான நேரம் பன்னிரண்டரையோடு முடிந்துவிடும், வைத்தியசாலையிலும் நிபுணர்கள் இருப்பார்கள். வெளிச்சாப்பாட்டை விட வெளி அன்புதான் கஷ்டம். கோயிலில் பொங்கல், கல்யாண வீட்டில் ஒரு பிடி சோறு, பக்கத்து வீட்டில் அரிசிமாப் பலகாரம் என்று யாராவது செல்லமாக வாயில் வைத்துவிடுவார்கள். “சோறு குடுக்காமல் என்ன பிள்ளை வளர்க்கிறாய்?” என்ற கேள்விக்கு நான் நீண்ட விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். “குடுத்தால் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டி வரும்” என்பது போதுமாக இருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இது விட்டுப்போகும். விட்டுவிட்டதா என்று அறிய, கடைசியாக வந்த வாந்திக்குப் பிறகு வழக்கமாக ஒன்று முதல் ஒன்றரை வருடம் கழித்து வைத்தியசாலையில் சோறு கொடுத்துப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் உடனே சேலைன் ஏற்ற ஆயத்தமாக வைத்துக்கொண்டு, குறைந்தது நான்கு மணித்தியாலம் விடுதியிலேயே வைத்துப் பார்ப்பார்கள். ரஸ்க் சம்பவத்திலிருந்து எங்கள் கணக்கு மறுபடி தொடங்கியது. அடுத்த வருட நடுப்பகுதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுக் குழப்பம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் திகதி தள்ளிப்போகும். கணவர் அந்தக் கிழமைக்கு விடுமுறை கேட்டிருக்கிறார். அரிசியை எங்களையே அவித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். சம்பாவா, பச்சரிசியா என்று மாமி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.